வெளிச்சுவர் வெண்கலப் பலகைக்கு மெழுகுப் பூச்சு: கலவை முதல் மறுபடி மாட்டுவது வரை

வேலைக்கு எடுத்தது இரண்டு பொருள். முதலாவது, 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட வார்ப்பு வெண்கலப் பெயர்ப்பலகை. எழுத்துகள் 3 மி.மீ. புடைப்பு. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வெயிலும் மழையும் நேராகப் படும் சுவரில் பல ஆண்டுகள் இருந்தது. இரண்டாவது ஒரு பழைய திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. பூட்டைப் பற்றிக் கடைசியில் பார்க்கலாம். சிக்கல் முழுக்கப் பலகையில்தான்.

பலகையின் பெரும்பகுதியில் கரும்பழுப்புப் படலம் கெட்டியாக இருந்தது. அது நல்ல படலம், அதைத் தொடக்கூடாது. மழைநீர் வழியும் பாதையில் வெளிர்பச்சைக் கோடுகள். நான்கு மூலைகளிலும் இரும்புத் திருகாணியின் துருக்கறை. எழுத்துகளின் வளைவுக்குள், விரலால் தொட்டால் மாவாக ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி. கவனிக்கவேண்டியது இந்தக் கடைசி அடையாளம்தான். வீட்டுச் செம்பில் ஏறும் சாதாரணக் களிம்பும் இதுவும் ஒன்றல்ல.

மெழுகு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திரவ நீரை அது ஓடவைக்கும். தூசி, கைவியர்வை, பறவை எச்சம், உப்புத் துளி ஆகியவை உலோகத்தில் நேராகப் படாமல் தடுக்கும். ஆனால் நீராவி மெழுகுக்குள் மெதுவாகக் கடக்கும். கடலுப்பிலிருந்து வந்து ஏற்கெனவே உலோகத்துக்குள் உட்கார்ந்து அரிக்கும் குளோரைடை மெழுகு வெளியேற்றாது, செயலிழக்கவும் வைக்காது. இப்படிக் குளோரைடு தங்கிய, நோய் உள்ள வெண்கலத்தில் மெழுகு பூசினால் பளபளப்பின் கீழே அரிப்பு தொடரும். சில மாதங்களில் மெழுகைத் தள்ளிக்கொண்டு பச்சைப் பொடி வெளியே வரும். மெழுகுப் பூச்சு தோற்றதாகச் சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவை தோற்றது மெழுகால் அல்ல, அதற்கு முந்தைய நாளின் அவசரத்தால்.

எந்த மெழுகு

மெழுகுவத்திப் பாரஃபின் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் படிகங்கள் பெரியவை. படலம் விரைவில் நொறுங்கும், ஓரத்தில் உரியும். உருகுநிலையும் குறைவு: வகையைப் பொறுத்து 46 முதல் 68 டிகிரி வரை. சித்திரை வெயிலில் கரும்பழுப்பு உலோகம் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது பாரஃபின் இளகி, தெருத்தூசி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

தேன்மெழுகு கேட்க இதமாக இருக்கும். பழைய செய்முறைகள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. மரத்துக்குச் சரி. செம்பு, பித்தளை, வெண்கலத்துக்கு வேண்டாம். அதில் இயல்பாகவே கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் உண்டு. அவை செம்போடு வினைபுரிந்து பச்சை நிறச் செம்புச் சோப்பாக மாறும். பழைய பித்தளைப் பூண்களின் ஓரத்தில் பச்சையாக மெழுகு போலத் திரண்டிருப்பது பெரும்பாலும் இதுதான். ஆளிவிதை எண்ணெய் சேர்த்த மெழுகும் இதே வகையில் ஆபத்து. எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகி, எந்தக் கரைப்பானுக்கும் அசையாமல் இறுகும்.

கார்னௌபா, அதாவது ஒருவகைப் பனையின் இலை மெழுகு, கடினமானது. 82 முதல் 86 டிகிரியில் உருகும், நன்றாகப் பளபளக்கும். தனியாகப் பூசினால் நொறுங்கும் தன்மை அதிகம். துடைத்து மெருகேற்றக் கை வலிக்கும். சிறு பங்காகக் கலப்பதற்கு நல்லது.

பழம்பொருள் பாதுகாப்புக் கூடங்கள் நம்புவது மைக்ரோ கிறிஸ்டலைன் மெழுகை. இதுவும் பெட்ரோலியத்திலிருந்தே வருகிறது. ஆனால் கிளைத்த மூலக்கூறுகள் அதிகம் என்பதால் படிகங்கள் மிக நுண்ணியவை. படலம் வளைந்துகொடுக்கும், பிடிப்பும் அதிகம், அமிலம் இல்லை. 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் ஏ. ஈ. வெர்னர் உருவாக்கிய கலவை இதன்மேல் கட்டப்பட்டது: கடினவகை மைக்ரோ மெழுகு, அதற்கு மேலும் கடினம் தரக் கொஞ்சம் பாலிஎத்திலீன் மெழுகு, கரைக்க வொயிட் ஸ்பிரிட். ரெனெசான்ஸ் என்ற பெயரில் டப்பாவில் விற்பனையாவது அந்தக் கலவையின் வழிவந்ததே. சிறு பொருள் ஒன்றிரண்டுதான் என்றால் டப்பாவையே வாங்கிக்கொள்ளலாம். பலகை, சிலைப்பீடம், கம்பிக்கதவு என்று பரப்பளவு கூடினால் கலந்துகொள்வது கட்டுப்படியாகும்.

கலவை

பங்கு எளிது. மைக்ரோ மெழுகு 100 கிராம், பாலிஎத்திலீன் மெழுகு 25 கிராம், கரைப்பான் 300 மி.லி. இந்த வேலைக்கு மெழுகை மட்டும் இரட்டிப்பாக்கி, 200 கிராமும் 50 கிராமும் சேர்த்து உருக்கப்பட்டது. உருகியதில் பாதியைக் கரைப்பான் சேர்க்காமல் தனியே கட்டியாக வார்த்து வைக்க வேண்டும். சூடான உலோகத்தில் பூச அந்தக் கட்டிதான் பயன்படும். மறுபாதியோடு 300 மி.லி. சேர்ந்தால் குளிர்பூச்சுக்கான பேஸ்ட்.

மைக்ரோ மெழுகு வாங்கும்போது உருகுநிலையைக் கேட்டு வாங்குங்கள். அழகுசாதனத் தயாரிப்புக்கு விற்கும் மென்வகை 65 டிகிரியிலேயே உருகிவிடும், வெளிச்சுவருக்கு உதவாது. 80 டிகிரிக்கு மேல் உள்ளது வேண்டும். நகத்தால் அழுத்தினால் குழி விழாமல் கீறல் மட்டும் விழுந்தால் அது சரியான வகை.

கரைப்பான் விஷயத்தில் நம் ஊர்ப் பெயர்க்குழப்பம் உண்டு. வொயிட் ஸ்பிரிட்டுக்கு நெருக்கமானது பெயிண்ட் கடையில் எம்.டி.ஓ. அல்லது மினரல் டர்பென்டைன் என்று கிடைப்பது. பலரும் அதை வெறுமனே டர்பென்டைன் என்பார்கள். "தின்னர்" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். அதில் வேறு வலிய கரைப்பான்கள் இருக்கும், பொருளில் பழைய வார்னிஷ் ஏதும் இருந்தால் அதைக் கரைத்து இழுத்துவிடும். எம்.டி.ஓ.விலும் மண்ணெண்ணெய் கலப்பு நடக்கிறது. ஒரு துளியைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பு மிஞ்சினால் அந்தப் பாட்டில் வேண்டாம். அந்த வழவழப்பு பூச்சில் தங்கி, படலம் கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும்.

உருக்குவதில் ஒரு தடங்கல் வரும். பாலிஎத்திலீன் மெழுகு தனியாக உருக 100 டிகிரிக்குமேல் வேண்டும், வெந்நீர்ப் பாத்திரம் அந்தச் சூட்டை எட்டாது. நீர்க்குளியலில் மைக்ரோ மெழுகு உருகிய பிறகு பாலிஎத்திலீன் துகள்கள் மிதந்துகொண்டே இருக்கும். பொறுமையாகக் கிளறினால் மெல்லக் கரையும். ஆனால் அடியில் சில கரையாமல் நின்று, பிறகு பூச்சில் மணல்போல உரசும். மணற்குளியலில், அதாவது சூடேறும் மணலுக்குள் பாத்திரத்தை வைத்து, வெப்பமானியில் 110 டிகிரி காட்டும்வரை சூடேற்றுவது நல்லது. மின் அடுப்பு மட்டும். கேஸ் அடுப்பு இந்த அறையிலேயே இருக்கக்கூடாது. உருகியது கண்ணாடிபோலத் தெளிந்தபின், பாதியை அலுமினிய அச்சில் ஊற்றிவிடுங்கள்.

மீதிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்து, அடுப்பின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வெளியே திறந்தவெளிக்குக் கொண்டுபோகவேண்டும். எம்.டி.ஓ.வின் தீப்பற்றுநிலை 40 டிகிரியை ஒட்டியது. அதாவது நம் ஊர் மதிய வெயிலிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு அருகில் போய்விடும். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் பூஜை விளக்குவரை போகும். மெழுகு ஏறத்தாழ 90 டிகிரிக்கு இறங்கியதும், கரைப்பானைச் சிறுசிறு பங்காக ஊற்றிக் கிளறவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மெழுகு சட்டென்று கட்டி கட்டியாகத் திரளும். அப்படித் திரண்டுவிட்டால் மறுபடி அடுப்பில் வைக்கத் தோன்றும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அடுப்பில்லாத இடத்தில், வெந்நீர் வாளிக்குள் பாத்திரத்தை நிறுத்திக் கிளறினால் போதும், இளகிச் சேரும்.

குளிரும்வரை கிளறுவதை நிறுத்தக்கூடாது. அப்படியே விட்டால் பெரிய படிகங்கள் கட்டி, ரவை போன்ற பேஸ்ட் கிடைக்கும். குளிர்ந்த நீரில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு விடாமல் கிளறினால், கெட்டித் தயிர்ப் பதத்தில் வழுவழுப்பாக வரும். அகன்ற வாய்க் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வையுங்கள். மூடி சரியில்லையென்றால் மாதக்கணக்கில் கரைப்பான் போய் இறுகும். கொஞ்சம் எம்.டி.ஓ. ஊற்றி ஓரிரவு விட்டால் திரும்பும்.

சுத்தம்

பலகையைச் சுவரிலிருந்து கழற்றியதும் முதல் வேலை, நான்கு கோணத்தில் புகைப்படம். சாய்வான வெளிச்சத்தில் ஒன்று கட்டாயம். பழைய கீறல் எது, நாம் போட்ட கீறல் எது என்ற வாதம் பிறகு வராது.

கழுவ லிட்டருக்கு 10 மி.லி. டீபால் (திரவச் சோப்பு), மென்மையான பல்துலக்கி. தேய்க்கும் பொடி, புளி, எலுமிச்சை, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் எதுவும் வேண்டாம். புளியின் அமிலம் கரைப்பது அழுக்கை மட்டுமல்ல, பழுப்புப் படலத்தையும் அதோடு மெல்லிய அடுக்கு உலோகத்தையும். ஒருமுறை புளி போட்டால் எழுத்தின் ஓரக்கூர்மை போய்விட்டதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்.

கடைசி அலசலுக்குக் குழாய்நீரோ போர்த்தண்ணீரோ உதவாது, இரண்டிலும் குளோரைடு உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் கேனில் கிடைக்கும், அது போதும். அலசிய நீரில் உப்பு மிச்சம் இருக்கிறதா என்பதைச் சோதிக்க, 5 மி.லி. எடுத்து ஒரு துளி நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு இரண்டு துளி சில்வர் நைட்ரேட். பால்போலக் கலங்கினால் இன்னொரு அலசல். பக்கத்திலேயே புது வடிநீரை இதேபோல் சோதித்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பலகைக்கு நாலாவது அலசலில் கலங்கல் நின்றது.

ஆனால் இந்தச் சோதனை சொல்வது மேற்பரப்பில் படிந்த கடலுப்பைப் பற்றி மட்டும். எழுத்து வளைவுகளில் இருந்த வெளிர்பச்சைப் பொடிக்குக் காரணம் குழிகளின் அடியில் தங்கிய குப்ரஸ் குளோரைடு. அது நீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது பச்சை ஹைட்ராக்சி குளோரைடாக மாறுகிறது. அப்போது அமிலமும் உண்டாகிறது, அந்த அமிலம் புது உலோகத்தைத் தின்று மறுபடி குளோரைடைக் கட்டுகிறது. இந்தச் சுற்றுக்குத்தான் வெண்கல நோய் என்று பெயர். காற்றின் ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது உறங்கும். கடற்கரை ஊரில் அந்த அளவு வறண்ட நாளை எங்கே தேடுவது? சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டு, எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையில் வெண்கலங்களை மீட்கும் வேலையை வளர்த்ததன் பின்னால் இருந்ததும் இதே நோய்தான்.

பொடியை மூங்கில் குச்சியாலும் ஸ்கால்பெல் முனையாலும் 10 மடங்கு உருப்பெருக்கியின் கீழ் எடுக்கவேண்டும். குழியின் அடி வெளிர்சாம்பல் நிறத்தில் மெழுகுபோல மின்னினால் அதுதான் குப்ரஸ் குளோரைடு. அதையும் எட்டும்வரை எடுங்கள். இந்தப் பலகையில் பதினாறு குழிகள், இரண்டு பகல் ஓடியது. வேலை முழுவதிலும் அவசரப்பட இடமில்லாத கட்டம் இது.

பிறகு ஐசோ புரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி ஈரத்தை விரட்டி, செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் பூசப்பட்டது. 100 மி.லி. ஆல்கஹாலுக்கு 3 கிராம். முழுக்க மூழ்கவைப்பதே சிறந்தது. ஆனால் இந்த அளவுப் பலகை மூழ்க 2 செ.மீ. ஆழத் தட்டுக்கே ஏறக்குறைய 6 லிட்டர் ஆல்கஹால் வேண்டும். செலவும் தீ ஆபத்தும் பெரிது. ஆகவே தூரிகையால் தாராளமாக நனைத்து, பாலித்தீன் தாளால் மூடி ஒரு மணி நேரம் ஈரமாக வைத்து, இப்படி மூன்று முறை. காய்ந்தபின் வெள்ளைப் படிகங்கள் தெரிந்தால் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் மெழுகு அதன்மேல் பிடிக்காது. பென்சோட்ரையசோல் உடலுக்கு நல்லதல்ல. நைட்ரைல் கையுறை, தூள் எடைபோடும்போது முகக்கவசம், காற்றோட்டம் மூன்றும் வேண்டும். அது நோயை அடக்கும், முழுக்கத் தீர்க்கும் என்று நம்பவேண்டாம்.

அடங்கியதா என்று பார்க்க, பலகையை மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில், ஒரு கிண்ணம் தண்ணீரோடு, தண்ணீர் பலகையைத் தொடாதபடி 48 மணி நேரம் வைத்தோம். மூன்று குழிகளில் மறுபடி பச்சைப் புள்ளி கிளம்பியது. அவற்றை மட்டும் மீண்டும் தோண்டி, சில்வர் ஆக்சைடுத் தூளை ஆல்கஹாலில் பிசைந்து ஊசிமுனையால் குழியில் அடைத்தோம். மிச்சக் குளோரைடோடு சேர்ந்து அது சில்வர் குளோரைடாகி வாயை அடைக்கும். இரண்டாவது 48 மணி நேரத்தில் ஒன்றும் எழவில்லை. அதன் பிறகே மெழுகு.

சூட்டுப்பூச்சு

முதல் பூச்சு சூடாக இருப்பதன் பயன், மெழுகு உருகிய நிலையில் படலத்தின் நுண்துளைகளுக்குள் இறங்குகிறது. குளிர்பூச்சு மேலேதான் உட்காரும். ஆனால் எல்லாப் பொருளுக்கும் சூடு ஆகாது. ஈயப் பற்று வைத்து ஒட்டிய பொருள், உள்ளே வார்ப்பு மண் இருக்கும் சிலை, பழைய லாக்கர் (வார்னிஷ் வகை) பூசியது, விரிசலுக்குள் நீர் தங்கியது, மரமோ கல்லோ பதித்தது இவையெல்லாம் குளிர்பூச்சோடு நிற்கவேண்டும். சாதாரண ஈய-வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கும், கேஸ் டார்ச் அதை நொடியில் எட்டிவிடும். அருங்காட்சியகங்களும் பூங்காக்களும் பெரிய சிலைகளுக்கு டார்ச் பயன்படுத்துவது உண்டு. பழகாத கைக்கு ஹீட் கன்தான் பாதுகாப்பு.

இந்தப் பலகை ஒற்றை வார்ப்பு, பற்று இல்லை. தீச்செங்கல் மேல் கிடத்தி, ஹீட் கன்னை 15 செ.மீ. தூரத்தில் ஆட்டிக்கொண்டே மெதுவாகச் சூடேற்றினோம். ஒரே இடத்தில் நிறுத்தினால் படலத்தின் நிறம் மாறும். வெப்பத்தை அளக்கும் துப்பாக்கி வெப்பமானி கருத்த படலத்தில் சரியாகக் காட்டும், தேய்ந்து மின்னும் விளிம்பில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்னும் சூடேற்றினால் விளிம்பு கெடும். விளிம்பில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் குறிவைத்து அளந்தால் சரியான அளவு வரும்.

90 டிகிரியைத் தாண்டியதும் கரைப்பானில்லாத கட்டியை நேராகத் தேய்க்க, அது உருகிப் பரவும். எழுத்து வளைவுகளுக்குள் தள்ளப் பன்றிமுடித் தூரிகை. நைலான் தூரிகை இந்தச் சூட்டில் இளகி, இழைகள் வளைந்து மெழுகோடு ஒட்டிக்கொள்ளும். எக்காரணம் கொண்டும் பேஸ்டைச் சூடான உலோகத்தில் வைக்காதீர்கள். கரைப்பான் ஒரே மூச்சில் ஆவியாகி, ஹீட் கன்னின் சிவந்த கம்பியில் பட்டால் தீதான்.

பலகை கைபொறுக்கும் சூட்டுக்கு இறங்கும்போது, மெழுகு முழுக்க இறுகுவதற்கு முன், மிகையானதைத் துடைத்தெடுக்க வேண்டும். இறுகிவிட்டால் சுரண்டவேண்டியிருக்கும். துடைக்க பனியன் வேஸ்ட் நல்லது, ஆனால் வெள்ளையை மட்டும் பொறுக்கி, துவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். சாயத்துணி எம்.டி.ஓ. பட்டதும் நிறம் விடும்.

குளிர்பூச்சு

மறுநாள் பேஸ்ட். எவ்வளவு தேவை என்பதைக் கணக்குப் போட்டாலே கை அடங்கும். பலகையின் முகம் 0.27 சதுர மீட்டர். 5 மைக்ரான் கனத்துக்கு உலர்ந்த மெழுகு 1.35 கன செ.மீ. தேவை, எடையில் ஒன்றேகால் கிராம். பேஸ்டில் எடைக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கே மெழுகு. ஆக 4 கிராம் பேஸ்ட் போதும், துணியில் போகும் சேதாரத்தோடு 8 கிராம். ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. டப்பாவில் விரலை விட்டு அள்ளிப் பூசுபவர்கள் இதைப்போல் பத்து மடங்கு பூசுகிறார்கள். மெழுகில் கனம் கூடினால் காப்பு கூடுவதில்லை, தூசி பிடிப்புதான் கூடும்.

நம் வெயிலில் கரைப்பான் வேகமாகப் போகும். முழுப் பலகைக்கும் ஒரே மூச்சில் பூசினால், கடைசி மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை இறுகி, துடைக்கும்போது கோடு கோடாக இழுபடும். 15 செ.மீ. சதுரமாகப் பிரித்து, பூசு, ஐந்து நிமிடம் விடு, மங்கல் தட்டியதும் துடை. மங்குவதற்கு முன் துடைத்தால் பூசியதெல்லாம் துணிக்கே போய்விடும். எழுத்து ஓரங்களுக்குப் புதிய ஷூ பிரஷ் போதும். மழைக்காலத்தில், ஈரம் நிறைந்த மாலையில் பூசாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெண்மூட்டமாகப் பூச்சுக்குள் சிக்கும். காலை பத்து மணிக்கு மேல் நிழலில் செய்யுங்கள்.

ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டாவது குளிர்பூச்சு. முதல் பூச்சின் கரைப்பான் முழுக்கப் போவதற்கு முன் அடுத்ததைப் பூசினால் அது கீழுள்ளதைக் கரைத்து இழுக்கும். இரண்டு பூச்சு போட்ட இடத்தில் ஒன்றுகூட மிஞ்சாது.

கோளாறுகள்

எழுத்து இடுக்கில் வெள்ளையாகத் திரள்வது மிகுதி மெழுகு. ஹீட் கன்னை மிகக் குறைந்த சூட்டில் காட்டி, உருகியதைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுங்கள். குத்திச் சுரண்டினால் படலம் போகும்.

சில இடம் மட்டும் கருத்துத் தெரிந்தால், அங்கே படலம் நுண்துளை அதிகமாகவோ பொடியாகவோ இருந்திருக்கிறது, மெழுகு உள்ளே போய் நிறத்தை ஆழப்படுத்தியிருக்கிறது. ஈரக்கல் உலர்கல்லைவிடக் கருமையாகத் தெரிவதும் இப்படித்தான். இதை முழுமையாகத் திருப்ப முடியாது. அதனால்தான் பின்பக்கத்திலோ ஓரத்திலோ 2 செ.மீ. இடத்தில் சோதித்துப் பார்க்காமல் முகத்தில் கைவைக்கக்கூடாது. மெழுகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடக்கூடியது என்று பொதுவாகச் சொல்வார்கள். கெட்டியான உலோகத்தில் அது உண்மை. பொடிந்த படலத்தில், துளையுள்ள கல்லில், மண்பொம்மையில் அது உண்மையல்ல.

ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு போகவில்லையென்றால் குற்றம் கரைப்பானில், அல்லது மென்வகை மெழுகில். மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மூட முயலாதீர்கள். எம்.டி.ஓ. நனைத்த துணியால் முழுக்க எடுத்துவிட்டு, சரியான கலவையோடு மறுபடி தொடங்குங்கள்.

கரைப்பான் நனைந்த துணி விஷயத்தில் ஒரு தெளிவு. தானாகவே சூடேறித் தீப்பற்றுவது ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் நனைந்த துணி, எம்.டி.ஓ. துணி அப்படியல்ல. ஆனால் ஒரு பொறி போதும். இரண்டையும் விரித்து, வெளியே காயவைத்துவிட்டே அப்புறப்படுத்த வேண்டும்.

மறுபடி மாட்டுவது

பழைய இரும்புத் திருகாணியை மறுபடி போட்டால் இத்தனை வேலையும் மூலைகளிலிருந்து கெடத் தொடங்கும். வெண்கலமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடித்து, கறை முகத்தில் வழியும். பித்தளை அல்லது வெண்கலத் திருகாணி நல்லது. 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு என்றால் நைலான் வாஷர் வேண்டும். திருகாணித் துளைக்குள்ளும் பலகையின் பின்பக்கத்திலும் மெழுகு போயிருக்கவேண்டும், மழைநீர் அதிக நேரம் தங்குவது அங்கேதான். சுவருக்கும் பலகைக்கும் இடையே 5 மி.மீ. நைலான் வளையம் வைத்து இடைவெளி விடுங்கள். சிமெண்டை வைத்து ஓரத்தை அடைக்காதீர்கள். சிமெண்டின் காரமும் உப்பும் வெண்கலத்தோடு ஒத்துப்போகாது.

பூட்டு

இரும்புக்கு மெழுகின் விதி ஒன்றுதான்: ஈரம் ஒரு துளிகூட உள்ளே சிக்கக்கூடாது. உரிந்து விழும் துருவை வெண்கலக் கம்பித் தூரிகையால் எடுத்து, மிஞ்சிய மெல்லிய கெட்டித் துருமேல் 10 சதவீத டானிக் அமிலக் கரைசலை மெல்லிதாகப் பூசினால், ஒரு நாளில் நீலக்கருப்பாக மாறும். இன்னும் பழுப்பாக இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி. பிறகு ஆல்கஹாலால் துடைத்து, 60 டிகிரிச் சூட்டில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் கட்டி மெழுகைத் தேய்க்கவேண்டும். அந்தச் சூட்டில் கடினவகை முழுக்க உருகாது. ஹீட் கன்னால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாவித்துளையைக் காகிதத்திரியால் அடைத்துவிட்டே இதைச் செய்யவேண்டும். உள்ளேயிருக்கும் லிவர் தகடுகளுக்கு நடுவே மெழுகு இறுகினால், சாவி பாதியில் நிற்கும். பலம் போட்டுத் திருப்பினால் லிவர் வளையும். உள்ளுக்கு மெழுகுமில்லை, தேங்காயெண்ணெயுமில்லை. பென்சில் கருப்பான கிராஃபைட் தூள் சிறிது போதும்.

மண்ணுக்கடியிலிருந்தோ கடலிலிருந்தோ எடுத்த இரும்பை இப்படிச் செய்யாதீர்கள். அதன் உட்புறம் முழுக்கக் குளோரைடு. அதைக் கார நீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து உப்பை வெளியேற்றிய பிறகே பெரிய கூடங்களில் உருகிய மெழுகுத் தொட்டியில் இறக்கி, குமிழி நிற்கும்வரை வைத்திருப்பார்கள். வீட்டு வேலையல்ல அது.

கைவைக்கக்கூடாதவை

எரியும் விளக்குக்கு மெழுகு வேண்டாம். அகல், குத்துவிளக்குத் தட்டு சூடாகும்போது மெழுகு இளகி எண்ணெயோடு கலந்து புகையும். அபிஷேகம் நடக்கும் திருமேனிக்கும், தீர்த்தம் எடுக்கும் பாத்திரத்துக்கும் பென்சோட்ரையசோல் கூடவே கூடாது. உப்புப் பூக்கும் கல்லில் மெழுகு பூசினால், உப்பு வெளியேற வழியில்லாமல் பூச்சின் கீழே படிகமாகி, கல்லின் மேல்தோலை உரிக்கும். தஞ்சாவூர் ஓவியம், சுதை, உரிந்துவரும் வண்ணம் எதிலும் துணியால் தேய்க்கும் எந்தப் பூச்சும் ஆகாது.

நூறாண்டு கடந்த உலோகச் சிலை கையில் இருந்தால், மெழுகைப் பற்றி யோசிப்பதற்கு முன் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவுப் புகைப்படத்தில் இருக்கும் படலமே அந்தப் பொருளின் அடையாளம், அதை மாற்றிவிடக்கூடாது.

பராமரிப்பு

மாதம் ஒருமுறை வடிநீரால் அலசி விடுவது போதும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. தாள்போலப் பரவி நனைந்தால் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. முதலில் தேய்வது பெரும்பாலும் மேல்விளிம்பும், ஆட்கள் விரல் வைத்துப் படிக்கும் எழுத்துகளும்தான். அங்கே மட்டும் கழுவி, உலர்த்தி, ஒரு குளிர்பூச்சு. கடற்கரையோரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பலகைக்கும் ஒன்று தேவைப்படும். சில ஆண்டுகளில் அடுக்கடுக்காகச் சேர்ந்து மஞ்சளடித்தால், எம்.டி.ஓ.வால் முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசவேண்டும். அப்படி எடுக்கும் நாளில், சில்வர் ஆக்சைடு அடைத்த அந்த மூன்று குழிகளையும் உருப்பெருக்கியில் பாருங்கள். எந்த எழுத்தின் எந்த வளைவில் இருக்கின்றன என்று குறித்த புகைப்படத்தின் நகல் ஒன்று, பாலித்தீன் உறையில், பலகையின் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது.